உள்ளத்திற்கோர் ஆற்றுப்படை

உடலில் காய்ச்சல் கண்டால் மருத்துவரிடம் ஓடுகிறோம். உள்ளம் நோகும்போது மட்டும், ஊர் என்ன சொல்லுமோ என்று வாய்மூடி இருந்துவிடுகிறோம். அந்நோவைப் பேச்சினாலேயே ஆற்றும் முறையொன்று உண்டு. அதனைத் தமிழில் 'ஆற்றுப்படுத்தல்' என்பர்.

இச்சொல் நம் மண்ணுக்குப் புதிதன்று. திண்டிவனத்தை அடுத்த கிடங்கிலோடு தொடர்புடைய ஓய்மாநாட்டு மன்னன் நல்லியக்கோடனைப் பாடியதே சிறுபாணாற்றுப்படை. பரிசு பெற்ற பாணன், வறுமையில் வாடும் பாணனுக்கு வழி சொல்கிறான். நடக்க வேண்டியவன் கேட்டவனே. உளவியல் ஆற்றுப்படுத்துநரின் பணியும் அத்தகையதே. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. பாணனுக்குப் போய்ச் சேருமிடம் தெரியும். ஆற்றுப்படுத்துநரோ அதனைத் தாமே முடிவு செய்வதில்லை. வந்தவரே கண்டுகொள்ளத் துணை நிற்கிறார். அமெரிக்க உளவியலறிஞர் கார்ல் ராஜர்ஸ் 1940களில் இக்கருத்தை வலியுறுத்தினார்.

தனிமனிதர் சிகிச்சை பெரும்பாலும் வாரம் ஒருமுறை, ஏறத்தாழ ஒரு மணி நேரம் நடைபெறும். ஒரு பாடத்தில் தோற்ற மாணவன், "நான் எதற்கும் உதவாதவன்" என்கிறான் எனக் கொள்வோம். "கவலைப்படாதே" என்று சொல்லி அனுப்பிவிடுவதில்லை. "தேறிய பாடங்கள் எத்தனை? அவை எதைக் காட்டுகின்றன?" என்று கேட்பர். நாம் ஆய்வுக்கூடத்தில் கருதுகோளைச் சோதிப்பது போல, அவன் தன் எண்ணத்தையே சோதிக்கிறான். ஆரன் பெக் என்னும் மருத்துவர் 1960களில் வகுத்த வழி இது.

தம்பதியர் சிகிச்சை இதனினும் கடினமானது. எங்கள் கிராமத்துப் பஞ்சாயத்தில் முதற்கேள்வி, "யார் மேல் தப்பு?" என்பதே. இங்கு அக்கேள்விக்கே இடமில்லை. மனைவி கேட்கக் கேட்கக் கணவன் மௌனமாகிறான். அவன் மௌனமாக மௌனமாக அவள் குரல் உயர்கிறது. தொடங்கியவர் மற்றவரே என்று இருவரும் நம்புகின்றனர். அந்தச் சுழலை இருவர் கண்ணுக்கும் காட்டுவதே சிகிச்சை. ஒருவர் பேசியதை மற்றவர் திருப்பிச் சொன்ன பிறகே பதில் சொல்லலாம் என்பது ஒரு பயிற்சி. ஆயினும் அடிக்கும் வீட்டில் இருவரையும் ஒன்றாக அமர்த்துவது ஆபத்து. அங்கே அடிபடுபவரின் பாதுகாப்பே முதற்கடமை.

சொன்னது வெளியே போகாது என்ற நம்பிக்கையே இவ்வனைத்திற்கும் அடித்தளம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இவ்விரகசியத்தை உரிமையாகவே வழங்குகிறது. உயிருக்கு ஆபத்து என்னும் நிலை போன்ற சிலவே விதிவிலக்கு.

என்னைப் போல் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தோர் இங்குப் பலர். பெற்றோர் கலங்குவரே என்று தோல்வியையும் துயரையும் மறைக்கிறோம். மறைத்த துயர் தானே ஆறுவதில்லை. 2022இல் தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் நமக்கு அருகில்தான் உள்ளது.

வழி கேட்பது இழிவன்று. பாணனும் கேட்டே போனான். நாமும் கேட்போம், கேட்க வருவோரை நகையாது, செவி கொடுப்போம்!