பழுதுபார்த்த ஆயில் எஞ்சினில் அமுக்கக் குறைவு

கருணாபுரம் சுற்றுவட்டாரத்தில் மின்சாரப் பம்புகள் பெருகியிருப்பினும், கிணற்றுப் பாசனத்தில் கரும்பு பயிரிடுவோர் சிலர் ஆயில் எஞ்சினை இன்னும் கைவிட்டாரில்லை. "ஸ்லீவ், பிஸ்டன், ரிங்குகள் யாவும் புதிதாய் மாற்றியும் அமுக்கம் இல்லை, எஞ்சின் கிளம்பவில்லை" என்னும் முறையீடு பெரும்பாலும் பயிர் வாடும் கோடையிலேயே வருகிறது. அச்சமயம் மறுபடியும் ரிங்கு வாங்க ஓடுவது வீண் செலவாக முடியலாம். காற்று எவ்வழியே தப்புகிறதென்பதை முதலில் அறிதல் வேண்டும்.

டீஸல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை ஏறத்தாழ 17-ல் ஒரு பங்காக அமுக்குவதால் அது 500 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடேறி எண்ணெயைப் பற்றவைக்கிறது. மோட்டார் சைக்கிளில் அமுக்கம் சற்றுக் குறைந்தால் இழுவை குறையும். டீஸலோ குளிர்ந்த நிலையில் கிளம்பவே மறுக்கும்.

பரீக்ஷை சுலபமானது. எண்ணெயை அடைத்து, அமுக்கம் தளர்த்தும் லீவரை விடுவித்து, பிளைவீலைக் கையால் மெதுவாக அமுக்க வீச்சுக்குக் கொண்டுவருக. நல்ல எஞ்சின் சக்கரத்தைப் பின்னுக்குத் தள்ளும். கெட்டதில் சீறும் ஓசை கேட்கும். காற்று வடிகட்டியில் கேட்டால் உள்வாங்கு வால்வும், புகைக் குழாயில் கேட்டால் புகை வால்வும் சரியாக உட்காரவில்லை. எண்ணெய் ஊற்றும் துவாரத்தில் கேட்டால் ரிங்குகளின் வழியே கசிகிறது. குளிர்விக்கும் நீரில் குமிழி எழுந்தால் ஹெட் காஸ்கெட்டைப் பார்க்க வேண்டும்.

இவற்றுள் அதிகம் கவனியாது விடப்படுவது வால்வே. வால்வையும் அதன் இருக்கையையும் தேய்த்தபின் வால்வுத் தண்டு சற்று மேலே ஏறிவிடும். டாப்பெட் இடைவெளி குறையும். பழைய அளவிலேயே விட்டால் வால்வு முற்றும் மூடாது. நான் பார்த்த ஓர் எஞ்சினில் இரண்டாம் முறை வாங்கிய ரிங்குகளும் பயன்படவில்லை. டாப்பெட்டைத் தளர்த்தியதும் சக்கரம் திருப்பித் தள்ளியது. தயாரிப்பாளர் புத்தகத்தில் கண்ட அளவை, இரு வால்வுகளும் மூடிய நிலையில் வைக்க வேண்டும்.

காஸ்கெட்டின் கனமும் அற்பமன்று. 110 மில்லிமீட்டர் வீச்சுள்ள எஞ்சினில் அரை மில்லிமீட்டர் கூடினாலே 17 என்ற விகிதம் 16 ஆகிவிடும்.

ரிங்கு வழியே கசிந்தால், இன்ஜெக்டர் துவாரத்தில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் மட்டும் விட்டுச் சுழற்றுக. அமுக்கம் கூடினால் சந்தேகம் உறுதியாகும். மிகுதியாய் விட்டால் பிஸ்டன் முட்டி எஞ்சினுக்குச் சேதம் நேரும். 100 மில்லிமீட்டர் ஸிலிண்டருக்கு ரிங்கு வாய் இடைவெளி ஏறக்குறைய 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர், வாய்கள் ஒரே நேராக அமையலாகாது. பழைய ஸ்லீவில் புது ரிங்கு போட்டிருந்தால், உட்புறம் கண்ணாடிபோல் மழுங்கியிருக்கிறதா என்று பார்த்துக் குறுக்குக் கோடுகள் விழத் தேய்ப்பித்தல் அவசியம்.

புது ரிங்குகள் ஸ்லீவோடு பொருந்தச் சில மணி நேர ஓட்டம் வேண்டும். அதுவரை அமுக்கம் சற்றுக் குறைவாயிருத்தல் குற்றமன்று. ஆனால் பாரமின்றி நெடுநேரம் சும்மா ஓடவிட்டால் ஸ்லீவ் மீண்டும் மழுங்கும். பம்பை இணைத்து, மிதமான பாரத்தில் ஓட்டி, பாரத்தைச் சிறிது சிறிதாய் உயர்த்துக.