ஆட்டோமேட்டிக் என்றால் அலற வேண்டாம்

“வண்டி ஸ்டார்ட் ஆவுது, ஆனா இழுக்க மாட்டேங்கு அண்ணாச்சி.” பழைய பென்ஸ் காரை ஆசைப்பட்டு வாங்கியவர் இப்படி வந்து நின்றால், நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் பல ஒர்க்‌ஷாப்புகளில் கிடைக்கும் முதல் யோசனை, ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சாதா கியர்பாக்ஸை மாட்டிவிடலாம் என்பதுதான். நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் முக்கால்வாசி நேரம் அந்தப் பெட்டியை யாரும் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

வளைகுடா நாடுகளில் உழைத்துத் திரும்பியவர்கள் குடியிருப்பு மாற்றச் சலுகையில் கார் கொண்டுவந்த காலம் ஒன்று உண்டு. அப்படிக் கேரளத்துக்கும் தென்தமிழகத்துக்கும் வந்தவற்றில் பென்ஸின் டபிள்யூ123 முக்கியமானது. 1976-ல் அறிமுகமாகி, 1986 வரை ஏறத்தாழ 27 லட்சம் வண்டிகள் தயாரான மாடல் அது. அவற்றில் பலவற்றுக்கு நான்கு வேக ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். முதலில் 722.1, பிறகு 722.3 என்று எண். இன்று அந்தக் கார்களைத் தேடிப் பிடித்துப் புதுப்பிப்பவர்கள் பெயின்ட்டுக்கும் சீட்டுக்கும் தாராளமாகச் செலவழிக்கிறார்கள்; கியர்பாக்ஸ் என்று வந்தால்தான் கை நடுங்குகிறது.

நடுங்க வேண்டிய அவசியம் இல்லை. சாதா கியர்பாக்ஸில் கிளட்ச் செய்யும் வேலையை இதில் டார்க் கன்வர்ட்டர் செய்கிறது. எஞ்சினோடு சேர்ந்து சுழலும் ஒரு சக்கரம் எண்ணெயை வீசியடிக்க, அந்த வேகத்தில் எதிரே உள்ள இன்னொரு சக்கரம் சுழல்கிறது. ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபாட்டிங்கர் 1905-ல் கப்பல்களுக்காகக் கண்டுபிடித்த முறை இது. காருக்கு முழுமையான ஆட்டோமேட்டிக் கியரைச் சந்தையில் பெருமளவில் கொண்டுவந்தது ஜெனரல் மோட்டார்ஸ். 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைலில் வந்த அதன் ‘ஹைட்ராமேட்டிக்’, இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க டாங்கிகளையும் ஓட்டியது. போருக்குப் பின் ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனமே உரிமம் பெற்று அதைத் தயாரித்தது.

கன்வர்ட்டருக்குப் பின்னால் கோள் பற்சக்கரங்கள், அவற்றைப் பிடித்தும் விட்டும் வேகத்தை மாற்றும் கிளட்ச் பிளேட்டுகள், பட்டைகள். எதை எப்போது பிடிக்க வேண்டும் என்று தீர்மானிப்பது வால்வ் பாடி. பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் எந்த ஷட்டர் திறந்திருக்கிறதோ அந்தக் கால்வாய்க்குப் போவதுபோல, இதற்குள் எண்ணெய் அழுத்தம் எந்த வால்வைத் தள்ளுகிறதோ அந்த வழியில் பாய்கிறது. 722.3 போன்ற அந்தக் காலப் பெட்டிகளில் கம்ப்யூட்டர் இல்லை. எல்லாமே எண்ணெய், ஸ்பிரிங், ரப்பர்.

இந்த மூன்றில் முதலில் சாவது ரப்பர்தான். வருடக்கணக்கில் ஷெட்டில் நின்ற வண்டியில் ஆயில் சீல்கள் காய்ந்து கல்லாகிவிடும். அழுத்தம் கசியும், பிளேட் வழுக்கும், வண்டி இழுக்காது. கியர் தாமதமாக, முரட்டுத்தனமாக விழுகிறது என்றால் இன்னும் எளிய காரணம் இருக்கலாம்: பெட்டியின் பக்கவாட்டில் உள்ள வேக்குவம் மாடுலேட்டருக்குப் போகும் சின்ன ரப்பர் குழாயில் வெடிப்பு. குழாயை மாற்றினால் தீர வேண்டிய கோளாறுக்கு முழுப் பெட்டியும் பழி சுமக்கிறது.

எண்ணெயும் நிறைய பேசும். நல்ல ஏடிஎஃப், அதாவது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கான எண்ணெய், தெளிந்த சிவப்பு. கருத்துத் தீய்ந்த வாடை அடித்தால் பிளேட்டுகள் எரிந்திருக்கின்றன. பால் கலந்ததுபோல் வெளிறியிருந்தால் ரேடியேட்டரில் உள்ள கூலர் ஓட்டையாகித் தண்ணீர் புகுந்திருக்கிறது. பிளேட்டில் ஒட்டியிருக்கும் உராய்வுப் பட்டை காகித நாரால் ஆனது. தண்ணீர் பட்டால் பசை விட்டுப் பெயர்ந்துவிடும். பெட்டியின் அடித்தட்டைக் கழற்றினால் மெல்லிய சாம்பல்நிறப் படிவு இருப்பது இயல்பு. பித்தளைத் துணுக்கும் இரும்புச் சில்லும் கிடந்தால் பெட்டியை இறக்கியே ஆக வேண்டும்.

பழைய பெட்டி ஒன்றைச் சென்னை புதுப்பேட்டையிலோ வேறெங்கோ வாங்குவதானாலும் இதே சோதனைதான். அடித்தட்டைத் திறந்து காட்ட மறுப்பவரிடம் வாங்காமல் இருப்பது நல்லது. பெட்டியின் ஓரத்தில் பொறித்த எண் பொருந்துகிறதா என்று பார்த்து, கன்வர்ட்டரையும் சேர்த்தே கேட்டு வாங்க வேண்டும். இரண்டு மழைக்காலமும் உப்புக்காற்றும் உள்ள குமரி மாவட்டத்தில், வாய் மூடாமல் போட்டு வைத்த பெட்டிக்குள் இரும்புப் பிளேட்டுகள் துருவேறியிருக்கும்.

மேஜையில் பிரிக்கும்போது வேண்டியது பலமல்ல, சுத்தம். நூல் உதிரும் பனியன் துணி கூடாது. ஓர் இழை போதும், வால்வ் சிக்கிக்கொள்ளும். ஒவ்வொரு அடுக்கையும் கழற்றும் முன் செல்போனில் படம் எடுத்துக்கொள்வது பாதி வேலையை மிச்சப்படுத்தும். புதிய பிளேட்டுகளை மாட்டும் முன் ஏடிஎஃப்பில் ஊறவைக்க வேண்டும். வால்வ் பாடியின் குட்டிக் குண்டுகள் நழுவாமலிருக்க வாசலின் தடவலாம், கிரீஸ் ஆகாது. வாசலின் சூடான எண்ணெயில் கரைந்துவிடும். கிரீஸ் திரண்டு வழியை அடைக்கும். அடுக்கி முடித்ததும் எண்ணெய்த் துளையில் காற்றடித்தால் கிளட்ச் ‘தொப்’பென்று பிடிக்கும் ஓசை கேட்க வேண்டும். ‘புஸ்’ என்று கசிந்தால் சீல் சரியாக உட்காரவில்லை.

பலர் தோற்பது கடைசிக் கட்டத்தில். கன்வர்ட்டரைச் சுழற்றிக்கொண்டே உள்ளே தள்ளும்போது பொதுவாக மூன்று முறை ‘டக்’கென்று இறங்கும்: டர்பைன் தண்டில் ஒன்று, ஸ்டேட்டரில் ஒன்று, பம்பில் ஒன்று. மூன்றாவது விழாமல் எஞ்சினோடு போல்ட் முறுக்கினால், ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே பம்ப் உடைந்துபோகும்.

எண்ணெய் விஷயத்தில் ஒரு பழைய கதை. 1970-களின் தொடக்கம் வரை அமெரிக்க ஏடிஎஃப்களில் உராய்வைச் சீராக்கச் சேர்த்தது எண்ணெய்த்திமிங்கிலத்தின் எண்ணெய். அந்தத் திமிங்கிலத்தைக் காக்கச் சட்டம் வந்ததும் வேறு ரசாயனம் தேட வேண்டியிருந்தது. இன்று ஒவ்வொரு தரத்துக்கும் உராய்வுக் குணம் வேறு. டெக்ஸ்ரான் கேட்கும் பெட்டியில் டைப் எஃப் ஊற்றினால் கியர் விழுவதே மாறிவிடும். கையேடு சொல்வதைத்தான் ஊற்ற வேண்டும்.

இதற்கெல்லாம் இங்கே ஆள் ஏது என்று கேட்பவர்கள் சின்னமுட்டத்துக்கோ குளச்சலுக்கோ போய்ப் பார்க்கலாம். அங்குள்ள விசைப்படகுகளின் கியர்பாக்ஸ்களில் பல, எண்ணெய் அழுத்தத்தால் பிளேட்டுகளைப் பிடிக்கும் வகையைச் சேர்ந்தவை. அவற்றைப் பிரித்துச் சேர்க்கும் கைகளுக்கு இந்த வேலையின் அடிப்படை புதிதல்ல. ஆட்டோமேட்டிக் கார்களே அதிகம் ஓடும் ஊர்களில் மெக்கானிக்காக இருந்து திரும்பியவர்களும் இந்த மாவட்டத்தில் இருக்கிறார்கள்.

அசல் பெட்டியைக் காப்பாற்ற இன்னொரு காரணம் உண்டு. மத்திய அரசு 2021 ஜூலையில் அறிவித்த விதிப்படி, 50 ஆண்டு கடந்த, அசல் வடிவில் உள்ள வண்டிகளை ‘விஏ’ எழுத்துள்ள விண்டேஜ் எண்ணில் பதிவு செய்யலாம். 1976-ல் பதிவான டபிள்யூ123-க்கு 2026-ல் அந்த வயது வருகிறது.

பெட்டி ஏறியதும் எண்ணெய் அளவை எஞ்சின் ஓடும்போது, பார்க் நிலையில், நன்றாகச் சூடேறிய பிறகே பார்க்க வேண்டும். முதல் ஓட்டத்துக்கு ஆரல்வாய்மொழி நேர்சாலை போதும். களியக்காவிளை வரைக்குமான நெரிசலில் ஊர்ந்து சூடேற்றுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். ஆயிரம் கிலோமீட்டர் ஆனதும் அடித்தட்டை மறுபடி கழற்றி, ஃபில்டரையும் எண்ணெயையும் மாற்றிவிட வேண்டும். புதிய பிளேட்டுகள் உதிர்த்த முதல் தூசி அதோடு வெளியே வந்துவிடும்.