கடகம் இழைக்கும் கை

மன்னாரிலிருந்து பூநகரிக்குப் போகும் ஏ-32 வீதியில், மாந்தை மேற்குப் பிரிவுக்குள் இருக்கும் இலுப்பைக்கடவை கடலையும் வயலையும் நம்பிய ஊர். 2008இல் சண்டை இந்தக் கரையோரமாக வடக்கே நகர்ந்தபோது இங்கிருந்த சனம் வன்னிக்குள் இடம்பெயர்ந்தது; போர் முடிந்த பிறகுதான் திரும்பி வர முடிந்தது. அப்படித் திரும்பிய ஊர்களில் காலையோ கையையோ இழந்தவர்கள், முள்ளந்தண்டில் காயப்பட்டவர்கள், பிள்ளைகள் தூரதேசம் போய்விடத் தனித்துப்போன முதியவர்கள் பலர் இருக்கிறார்கள். செயற்கைக் கால், சக்கர நாற்காலி, மாதக் கொடுப்பனவு என்று அவர்களுக்கு வேண்டியதை எண்ணிக் கணக்கிடுகிறோம். விடிய எழும்பினால் இருட்டும்வரை அவர்கள் என்ன செய்வது என்பது அந்தக் கணக்கில் வருவதில்லை. மருத்துவத்தில் இந்தக் கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்ட துறை ஒன்று உண்டு. தொழில்வழிச் சிகிச்சை என்பார்கள். இங்கே தொழில் என்பது சம்பளத்துக்குச் செய்யும் வேலை மட்டுமல்ல. குளிப்பது, சமைப்பது, பெட்டி இழைப்பது என்று ஒருவர் தன் நாளை நிரப்பும் எல்லாச் செயலும் அதற்குள் அடங்கும்.

இந்தக் கரைக்குப் பொருத்தமான உதாரணம் பனையோலை வேலை. குருத்தோலை இன்னும் விரியாதது, வெயில் காணாதது. பச்சையம் ஊறாததால் அது வெளிறியும், இன்னும் முற்றாததால் மெத்தென்றும் இருக்கிறது. குருத்தோலை ஞாயிறன்று சிலுவை மடிக்கும் பிள்ளைக்கும் அதன் குணம் தெரியும். அதைக் காயவைத்து, ஈர்க்கை நீக்கி, ஒரே அகலத்தில் வார்ந்து, பதமாக நனைத்து இழைக்க வேண்டும். பிட்டு அவிக்க நீத்துப்பெட்டி, வெற்றிலைக்குக் கொட்டப்பெட்டி, படுக்கப் பாய், நெல் அள்ளக் கடகம் என்று ஒவ்வொன்றுக்கும் இழைப்பு வேறு. கடகத்துக்கு இரட்டை ஓலை. விளிம்பில் நார் வைத்துப் பொத்தினால்தான் பாரம் தாங்கும். இதையே ஒரு சிகிச்சையாளர் பார்த்தால் வேறொன்று தெரியும். ஒரு கை ஓலையை அமர்த்திப் பிடிக்க, மற்றக் கை அடுத்த ஓலையைக் கீழால் நுழைத்து மேலால் இழுக்கிறது. பெருவிரலும் சுட்டுவிரலும் கிள்ளிப் பிடிக்கின்றன, மணிக்கட்டு திரும்புகிறது, மனம் ஒன்றுவிட்டொன்று எண்ணிக்கொண்டே போகிறது. பக்கவாதத்தில் பலம் குறைந்த கைக்கு, அமர்த்திப் பிடிக்கும் வேலையை முதலில் கொடுக்கலாம். அந்தக் கை சும்மா மடியில் கிடந்தால் மூளை அதை மெல்ல மெல்ல ஒதுக்கிவிடும். இயலாத கையையே வற்புறுத்திப் பயன்படுத்த வைக்கும் பயிற்சியை அமெரிக்காவில் 222 நோயாளிகளிடம் சோதித்து, 2006இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான கவனிப்பைப் பெற்றவர்களைவிட அந்தப் பயிற்சி பெற்றவர்களின் கை தெளிவாகத் தேறியிருந்தது. பார்வை இல்லாதவருக்கோ இழைப்பு முழுவதும் தொடுகையும் எண்ணிக்கையும்தான்.

மறதிநோய் வந்த முதியவர்களிடம் இன்னொரு அதிசயத்தைக் காணலாம். பேரப்பிள்ளையின் பெயர் நழுவிப்போன பிறகும் சிறுவயதில் பழகிய கைவேலை விரலில் தங்கியிருப்பதுண்டு. நடந்தவற்றை நினைப்பதும் செய்யத் தெரிந்திருப்பதும் மூளையில் ஒரே வழியால் போவதில்லை. 1953இல் வலிப்புக்காகச் செய்த சத்திரசிகிச்சையில் புது நினைவுகளைப் பதிக்கும் ஆற்றலை இழந்த அமெரிக்கர் ஒருவரை, பிரெண்டா மில்னர் என்ற ஆய்வாளர் கண்ணாடியில் பார்த்தபடி நட்சத்திர வடிவம் வரைய வைத்தார். ஒவ்வொரு நாளும், இதற்கு முன் இதைச் செய்ததாக அவருக்கு நினைவே இல்லை. அவர் கை மட்டும் நாளுக்கு நாள் திருத்தமாக வரைந்தது. ஊரில் இழைக்கத் தெரிந்த முதியவளை ‘இனி ஒன்றும் இயலாது’ என்று மூலையில் இருத்துமுன் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அப்படியானால் முதியோர் இல்லங்களில் எல்லாம் ஓலைக் கட்டுகளை இறக்கிவிட்டால் போதுமா? போதாது. இந்தத் துறையின் வரலாறே அதைச் சொல்கிறது. நரம்புத் தளர்ச்சிக்கு நீண்ட படுக்கை ஓய்வே மருந்து என்றிருந்த காலத்தில், 1904இல் ஹெர்பர்ட் ஹால் என்ற மருத்துவர் மாசசூசெட்ஸில் நோயாளிகளை நெசவுக்கும் மட்பாண்ட வேலைக்கும் இருத்தினார். 1917இல் இத்துறைக்கென ஒரு சங்கமே அமெரிக்காவில் பிறந்தது. பிறகு கைப்பணி மலிந்து, பொழுதைப் போக்கும் சடங்காகி, கூடை பின்னுவது என்பதே கேலிச்சொல் ஆனது. அந்தக் கேலியில் நியாயமும் இருந்தது. லொஸ் ஏஞ்சலீஸில் பிறர் பராமரிப்பின்றித் தம் பாட்டில் வாழ்ந்த, 60 வயதும் அதற்கு மேலுமான 361 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வு ஒன்று 1997இல் வெளிவந்தது. ஒரு பிரிவினருக்குத் தொழில்வழிச் சிகிச்சையாளர்கள் ஒன்பது மாதம் அவரவர் வாழ்க்கைக்கும் விருப்பத்துக்கும் ஏற்ற செயல்களைத் திட்டமிட உதவினார்கள். இன்னொரு பிரிவினருக்குச் சுற்றுலா, படம், விளையாட்டு, கைப்பணி என்று பொழுதுபோக்கு மட்டும். மூன்றாம் பிரிவுக்கு எதுவும் இல்லை. முதல் பிரிவினரின் உடல்நலமும் மனநிலையும் மேம்பட்டன. பொழுதுபோக்குப் பிரிவினருக்கும் ஒன்றுமே பெறாதவர்களுக்கும் வேறுபாடு இல்லை. கைப்பணிக் கட்டுரைகளில் இந்த முடிவு அதிகம் பேசப்படுவதில்லை என்பதால் அழுத்திச் சொல்கிறேன்: அவர் யார், அவருக்கு எது வேண்டும், செய்யும் பொருள் யாருக்குத் தேவை என்று கேளாமல் கொடுத்தால், அதே ஓலை அதே கையில் வெறும் ஓலைதான்.

கேட்டுக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டின் வேலூர் சாட்சி. தொழுநோயில் மடங்கிப்போன விரல்களைச் சத்திரசிகிச்சையால் நிமிர்த்திய போல் பிராண்ட் என்ற மருத்துவர், நிமிர்ந்த கையோடு வீட்டுக்குப் போனவர்களுக்கு யாரும் வேலை தரவில்லை என்பதைக் கண்டார். 1950களில் நவஜீவ நிலையம் என்ற சிறு குடியிருப்பை அமைத்து, அங்கே தச்சுவேலையும் மரப் பொம்மை செய்வதும் பழக்கினார். வலி தெரியாத அந்தக் கைகள் வேலையில் காயப்படுவதைக் கூர்ந்து பார்த்தபோதுதான், புண்களுக்குக் காரணம் நோய் நேரடியாகச் சதையைத் தின்பது அல்ல, உணர்வற்ற கை படும் அழுத்தமும் கீறலும்தான் என்பது அவருக்குத் தெளிந்தது. நம் ஊர்களில் நீரிழிவால் விரல் மரத்துப்போனவர்களுக்கும் இது பாடம். பனையோலையின் விளிம்பு வெட்டும். வாரும் கத்திக்குத் தடித்த பிடி வேண்டும், வேலை முடிந்ததும் கையைக் கண்ணால் பார்த்துச் சோதிக்க வேண்டும். தரையில் கால் நீட்டி இருக்க இயலாதவருக்கு மேசை வேண்டும்.

இதற்கு வரும் மறுப்புகளில் வலுவானது கூலி பற்றியது. பிளாஸ்டிக் கடகம் மலிவு. ஒரு நாள் இழைத்த பெட்டிக்குக் கிடைப்பது சொற்பம். அதைச் சிகிச்சை என்று பெயரிட்டுக் குறைந்த கூலியை நியாயப்படுத்தலாம். இந்த அச்சம் சரியானது. மாற்றுத்திறனாளிகள் தாமே தெரிந்தெடுத்த வேலையால் வாழும் உரிமையை, அவர்களின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தின் 27ஆம் உறுப்புரை சொல்கிறது. இலங்கை 2016இல் அதை ஏற்றது. ஆகவே விற்கும் பொருளுக்கு முழு விலை, வீட்டுக்குச் செய்வது வேறு கணக்கு என்று இரண்டையும் பிரித்தே வைக்க வேண்டும். 1978இல் உருவான பனை அபிவிருத்திச் சபை போன்ற அமைப்புகள் சந்தைக்கு வழி காட்டலாம். ஆனால் அப்படி வரும் வருமானம் மாதக் கொடுப்பனவை வெட்டக் காரணமாகக் கூடாது. வயதானவர்களை ஓய்வாக விடக்கூடாதா என்பது அடுத்த மறுப்பு. ஓய்வு வேண்டுமென்று அவரே சொன்னால் விடத்தான் வேண்டும். ஆனால் பெரும்பாலும் அதை அவரிடம் யாரும் கேட்பதில்லை. ஓலை பெண்களின் வேலை என்று விலகும் ஆண்களை வற்புறுத்தவும் வேண்டாம். கடலுக்குப் போக முடியாத மீனவருக்குக் கிழிந்த வலை இருக்கிறது, அதைச் சரிபார்க்கத் தெரிந்த கையும் இருக்கிறது.

இலுப்பைக்கடவையிலோ வேறெங்கோ உங்கள் வீட்டில் இழைக்கத் தெரிந்த ஒரு அம்மம்மா இருந்தால், பொழுது போகட்டும் என்று ஓலையைக் கொடுக்காதீர்கள். உங்களுக்கு என்ன பெட்டி வேண்டும், எந்த அளவில் வேண்டும், எப்போதைக்கு வேண்டும் என்று அவரிடம் சொல்லுங்கள். செய்து தந்ததை அடுப்படியில் வைத்துப் பாவியுங்கள்.