மார்கழிக் குளிரும் அடுப்புக் கணக்கும்

புசல்லாவையிலிருந்து இலண்டனுக்கோ டொரன்டோவுக்கோ சென்று குடியேறிய பிள்ளைகள், தை மாதத்தில் வீட்டாருடன் பேசும்போது தவறாமல் ஒரு குறை கூறுவர். "இம்மாதம் காஸ் பில் கையைக் கடித்துவிட்டது" என்பதே அது. "இங்கே சிலிண்டர் விலை மட்டும் குறைவா?" என்று தாய்மார் திருப்பிக் கேட்பர். இருவர் கூறுவதும் மெய்யே. ஆயினும் இருவரும் பேசுவது ஒரே பொருளைப் பற்றி அன்று. ஒரே வேலையைப் பற்றியும் அன்று. பவுணையும் டொலரையும் ரூபாவாக மாற்றிப் பார்ப்பதால் இவ்வேறுபாடு விளங்காது. உஷ்ணத்தை உஷ்ணத்தோடு வைத்து எண்ணினாலன்றிக் கணக்கு நேராகாது.

இலண்டன் வீட்டுக்குக் குழாய்வழி வருவது இயற்கை வாயு. அதன் பெரும்பகுதி மீதேன். நம் குசினியில் இருப்பதோ புரொப்பேன், பியூட்டேன் என்னும் வாயுக்களை அழுத்தித் திரவமாக்கி அடைத்த சிலிண்டர். மன்னார்க் கடற்படுகையில் 2011ஆம் ஆண்டு இயற்கை வாயு கண்டறியப்பட்டது. அது எந்த வீட்டு அடுப்புக்கும் வந்து சேரவில்லை.

பொது அளவுகோலாக, மின்சாரப் பட்டியலில் வரும் 'அலகை' எடுத்துக்கொள்வோம். 12.5 கிலோ சிலிண்டர் ஒன்றில் அடங்கிய உஷ்ணம் ஏறத்தாழ 170 அலகு. இயற்கை வாயு ஒரு கன மீற்றரில் பத்தரை அலகு. பிரித்தானியாவின் எரிசக்தி ஒழுங்குமுறை நிறுவனமாகிய ஒப்ஜெம், 2023 ஒக்டோபர் முதல் ஒரு நடுத்தரக் குடும்பத்தின் ஆண்டு வாயுப் பாவனையை 11,500 அலகு என வைத்துக் கணக்கிட்டது. நம் கணக்கில் அது ஏறத்தாழ 68 சிலிண்டர்! டொரன்டோவில் வாயு வழங்கும் என்பிரிட்ஜ் நிறுவனம் தன் விலை அறிவிப்புகளில் ஒரு சாதாரண வீட்டுக்கு ஆண்டொன்றுக்கு 2,400 கன மீற்றர் எனக் காட்டி வந்துள்ளது. அது ஏறத்தாழ 150 சிலிண்டருக்குச் சமம். இரண்டு மாதத்துக்கு ஒரு சிலிண்டர் மாற்றும் புசல்லாவைக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஆறே போதும்.

அங்குள்ளோர் அவ்வளவு சோறா சமைக்கின்றனர்? இல்லை. சமையலுக்குச் செல்வது சிறு பங்கே. சுவரையும் தரையையும் காற்றையும் குளிக்கும் நீரையும் சூடேற்றவே மற்றதெல்லாம் செலவாகிறது.

நமக்கு அந்தச் செலவு இல்லை என்று மகிழலாமா? கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,000 அடி உயரத்திலுள்ள புசல்லாவையில், நுவரெலியாவைப் போல் உறைபனி விழுவதில்லை. எனினும் மார்கழி, தை இரவுகளில் மூடுபனி இறங்கி, கம்பளிக்குள் முழங்கால் குடையும். தோட்டத்துத் துரைமார் தம் பங்களாக்களில் கணப்பும் புகைபோக்கியும் கட்டிக்கொண்டனர். லயத்துக் காம்பராவுக்கு அடுப்பே கணப்பு. அதற்குப் பட்டியல் அனுப்புவார் எவருமில்லை என்பதால், அதை நாம் செலவென்றே எண்ணுவதில்லை.

எண்ணிப் பார்ப்போம். உலர்ந்த விறகு ஒரு கிலோவில் ஏறத்தாழ நான்கு அலகு உஷ்ணம் உண்டு. மூன்று கல் அடுப்பில் அதில் எட்டில் ஒரு பங்கே பானையைச் சேரும். அதாவது அரை அலகு. காஸ் அடுப்பிலோ பாதி உஷ்ணம் பானைக்குப் போகிறது. 170 அலகில் 85. ஆகவே ஒரு சிலிண்டர் செய்யும் சமையலைத் திறந்த அடுப்பில் செய்ய 170 கிலோ விறகு வேண்டும். ஒரு சுமை 20 கிலோ என்று கொண்டால் எட்டு ஒன்பது சுமை. கவ்வாத்து வெட்டிய மலையில் மிலாறு பொறுக்கிக் கட்டி, கொழுந்துக் கூடை இறக்கிய முதுகிலேயே அதையும் ஏற்றிக்கொண்டு படிகளில் இறங்கும் பெண்ணின் உழைப்பு எந்தப் பட்டியலில் வருகிறது? ஈர மிலாறாயின் சுமையும் கூடும், புகையும் கூடும்.

புகையைச் சிறிதாக எண்ணலாகாது. வீட்டுக்குள் சூழும் அடுப்புப் புகை முதலிய மாசினால் 2020இல் உலகில் 32 இலட்சம் பேர் மாண்டனர் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. புகைபோக்கியற்ற பழைய காம்பராக்களில் அடுப்படியில் நிற்பவள் தாய். இடுப்பில் இருப்பது குழந்தை.

ஆனால் பானையைச் சேராத அந்த ஏழு பங்கு உஷ்ணம் முழுவதும் வீணல்ல. அது காம்பராவைச் சூடாக்குகிறது. நனைந்த கம்பளியையும் பரணில் அடுக்கிய விறகையும் உலர்த்துகிறது. இருமும் பாட்டியை அருகில் அமர்த்திக்கொள்கிறது. காஸ் அடுப்புக்கு மாறிய வீடுகளில் கண் எரிச்சல் தீர்ந்தது. ஆனால் "வீடு குளிர்கிறது" என்று முதியோர் முணுமுணுக்கின்றனர். அவர்களைப் பழைமை விரும்பிகள் என்று தள்ளுவது நியாயமன்று. கணக்கு அவர்கள் பக்கமும் இருக்கிறது.

விலையின் கதையோ வேறு. 2021 ஒக்டோபருக்கு முன் 12.5 கிலோ லிட்ரோ சிலிண்டர் 1,493 ரூபா. 2022 ஏப்ரலில் 4,860 ரூபா. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021 மார்ச்சில் 1,000 ரூபாவாக்கப்பட்டிருந்தது. எனவே ஒன்றரை நாள் உழைப்புக்குக் கிடைத்தது, ஏறத்தாழ ஐந்து நாள் உழைப்பைக் கேட்டது. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெயும் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340க்குத் தாவியது. காஸ் அடுப்பை மூலையில் வைத்துவிட்டு மீண்டும் மிலாறு தேடப் போனவர்களை யார் குறைகூற முடியும்?

காஸ் பாவிக்கும் வீட்டிலும் குளிர்காலச் செலவு ஒளிந்திருக்கிறது, அது சுடுநீரில். 20 லீற்றர் நீரை 18 பாகையிலிருந்து 40 பாகைக்கு ஏற்ற அரை அலகு வேண்டும். அடுப்பில் பாதி வீணாவதால் ஓர் அலகு காஸ் எரியும். நால்வர் நாள்தோறும் இவ்வாறு குளித்தால் மாதத்துக்கு 120 அலகு. சிலிண்டரில் பத்தில் ஏழு பங்கு! "காஸ் சீக்கிரம் முடிகிறதே, நிறையில் குறைத்துவிட்டானோ?" என்று மார்கழியில் எழும் ஐயத்துக்குப் பெரும்பாலும் இதுவே விடை. பெரிய அண்டாவைக் கரி அடுப்பில் வெளியே காய்ச்சிக்கொள்ளும் வீடுகள் புத்திசாலித்தனமானவை. மின்சாரச் சூடாக்கியை நாடுவோரும் கணக்குப் பார்க்க வேண்டும். ஒரு கிலோவாற்றுச் சூடாக்கி இரவுக்கு நான்கு மணி நேரம் எரிந்தால் மாதத்துக்கு 120 அலகு. அலகுகள் கூடக்கூட ஓர் அலகின் விலையும் ஏறும் என்பது இல்லத்தரசிகள் அறிந்ததே.

ஒன்றை மட்டும் செய்யலாகாது. குளிருக்கென்று கதவு, யன்னலை அடைத்துவிட்டு, கரிச்சட்டியையோ காஸ் அடுப்பையோ எரியவிட்டு உறங்குவது யமனை வீட்டுக்கு அழைப்பதாகும். மணமும் நிறமும் இல்லாத காபனோரொட்சைட்டு உறங்குவோரை உறக்கத்திலேயே கொன்றுவிடும். சிலிண்டர் வாயு காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் தரையோடு தங்கும். 2021 இறுதியில் நாடெங்கும் அடுப்புகள் வெடித்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். இரவில் சிலிண்டர் வாயை மூடுங்கள். இறப்பர்க் குழாயை அடிக்கடி பாருங்கள்.

கணிதம் படிக்கும் மாணவர்கள் இவற்றைத் தம் வீட்டிலேயே அளந்து பார்க்கலாம். சிலிண்டரின் மேல் அதன் வெற்று நிறை பொறிக்கப்பட்டிருக்கும். வாரந்தோறும் அதை நிறுத்து, வெற்று நிறையைக் கழித்து, மீதியை நாட்காட்டியில் குறித்து வாருங்கள். மார்கழி வாரம் ஒன்றையும் சித்திரை வாரம் ஒன்றையும் அருகருகே வைத்தால், உங்கள் வீட்டில் குளிருக்கு எத்தனை கிலோ என்பது தெரிந்துவிடும். விறகு எரிக்கும் வீடாயின், அம்மா கொண்டுவரும் கட்டைத் தராசில் ஏற்றுமுன் ஒருமுறை நீங்களே தூக்கிப் பாருங்கள்.