குணமடைந்தோர் யார்?

2020, 2021-ம் வருஷங்களில் கொரோனா நோயைப் பற்றிச் சர்க்கார் நாள்தோறும் வெளியிட்ட அறிக்கைகள் நேயர்களுக்கு நினைவிருக்கும். நோய் கண்டோர் இத்தனை பேர், மாண்டோர் இத்தனை பேர், குணமடைந்தோர் இத்தனை பேர் என்று அவற்றில் கணக்கிருக்கும். முதலிரண்டு கணக்குகளைப் பற்றித் தர்க்கித்தோர் பலர். மூன்றாவதைக் கேள்வி கேட்டோர் மிகச் சிலரே. ஆஸ்பத்திரி வாயிலைக் கடந்தவனெல்லாம் குணமடைந்தவன் என்று எழுதப்பட்டான்.

அவன் வீட்டிலே எவ்வாறிருந்தான்? கையூன்றாமல் நாற்காலியை விட்டு எழ இயலவில்லை. ஆறு படி ஏறுமுன் மூச்சு வாங்கிற்று. கழிப்பறையில் குந்தினால் சுவரைப் பற்றியே எழ வேண்டியிருந்தது. உத்தியோகஸ்தனாயின் சம்பளத்தோடு லீவு உண்டு. மூட்டை சுமப்பவனுக்கு அன்றைய கூலியில்லாவிடில் அன்றைக்கு அடுப்பில்லை. அவனையும் குணமடைந்தோர் பட்டியலில் சேர்த்தது என்ன நியாயம்?

இது வெறும் மனப்பிரமையன்று. நோய் முதன்முதல் பரவிய சீனத்து வூஹான் நகரில், ஜின்யின்டான் ஆஸ்பத்திரியிலிருந்து 2020-ல் வீடு திரும்பிய 1,733 பேரை, நோய் கண்டு ஆறு மாதமான பின் வைத்தியர்கள் பரிசோதித்தனர். பாதிக்கு மேற்பட்டோர் சோர்வையோ தசை பலவீனத்தையோ முறையிட்டனர்.

வைரஸ் மாத்திரமே குற்றவாளியல்ல, படுக்கையும் குற்றவாளியே. நோயற்ற முதியோர் சிலரைப் பத்து நாள் படுக்கையிலேயே கிடக்கச் செய்த அமெரிக்க ஆராய்ச்சியொன்று 2007-ல் வெளியாயிற்று. அவர்கள் கால்களில் ஏறக்குறைய ஒரு கிலோ தசை கரைந்து போயிருந்தது. ஜுரமும், பிராணவாயுக் குறைவும், மூச்சுக் கருவியும் கூடினால் கேட்க வேண்டுவதில்லை. கடுமையான இன்புளூயன்ஸாவுக்குத் தீவிர சிகிச்சை பெற்றவர் கதியும் இதுவே.

வீட்டார் அன்பினாலேயே தீங்கிழைக்கின்றனர். "அசையாதே, படுத்திரு" என்பர். கஞ்சியன்றி வேறு கொடார். தசை வளரப் பருப்பும், பாலும், முட்டையும், மீனும் வேண்டும். வைத்தியர் அனுமதித்த பின், நாற்காலியில் உட்கார்ந்து எழுதல், திண்ணைக்கும் தெருமுனைக்கும் நடத்தல், ஒரு படி ஏறி இறங்குதல் எனச் சிறுகச் சிறுகக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். மூச்சுத் திணறினால் உட்கார்ந்து முன்சாய்ந்து, முழங்கைகளைத் தொடைமேல் ஊன்றி இளைப்பாறலாம். ஆனால் எச்சரிக்கை ஒன்றுண்டு. சிலருக்குச் சிறு உழைப்பும் மறுநாளோ அதற்கடுத்த நாளோ படுக்கையில் தள்ளிவிடும். அத்தகையோரைச் சோம்பேறி என்று ஏசிப் பயிற்சியைக் கூட்டுவது கொடுமை. அவர்கள் தங்கள் சக்திக்குட்பட்டே வேலையைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். மார்வலியோ மயக்கமோ கண்டால் உடனே வைத்தியரிடம் செல்க.

சர்க்காரிடம் சாதனமில்லை என்று சொல்வதற்கில்லை. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி ஜில்லா சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், இயன்முறைச் சிகிச்சையை வீட்டுக்கே கொணர்ந்தளிக்கும் ஏற்பாடு உண்டு. வைரஸ் நோயால் நெடுநாள் படுத்தெழுந்தவனையும் ஆஸ்பத்திரியே அவ்வழியில் அனுப்பி வைக்க வேண்டுமென்பது நமது அபிப்பிராயம். வீட்டுக்கனுப்பும் சீட்டில் மருந்தின் பெயர் இருக்கிறது, மறுபடி வரவேண்டிய தேதி இருக்கிறது. கையூன்றாமல் எழுந்தானா, எவ்வளவு தூரம் நடந்தான், எத்தனை படி ஏறினான் என்ற மூன்று வரிகளை அதிற் சேர்ப்பதற்கு எந்தச் சட்டசபையின் உத்தரவும் வேண்டியதில்லை.