ரயில் கேட்டில் விபத்து: இழப்பீடு கேட்பது நம் ஹக்

2025 ஜூலை 8 காலை, கடலூர் அருகே செம்மங்குப்பம் ரயில் கேட்டைக் கடந்த பள்ளி வேன் மீது விழுப்புரம்–மயிலாடுதுறை பயணிகள் ரயில் மோதியது. மூன்று மாணவர்கள் உயிரிழந்தனர். நம் பிள்ளைகளும் வேனில்தான் பள்ளிக்குப் போகிறார்கள்.

தவறு கேட்கீப்பருடையதோ டிரைவருடையதோ, உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் மீது குற்றமில்லை. காயமடைந்த பஸ், வேன் பயணிகளும், இறந்தவரின் வாரிசுகளும் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு செய்யலாம். ரயில்வேயையும் அதே வழக்கில் எதிர்மனுதாரராகச் சேர்க்கலாம் என 1997-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சட்டத்தில் உள்ள கெடு ஆறு மாதம். எஃப்.ஐ.ஆர். நகல், மருத்துவமனைச் சீட்டுகள், மருந்து ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வருமானம் பாராமல் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துத் தரும்.

துக்கத்தில் நாள்களைக் கடத்திவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறோம். அல்லாஹ் நம் அனைவரையும் பாதுகாப்பானாக.