மலைப்பாதையும் மிதிவண்டியும்

சேலத்திலிருந்து ஏற்காட்டிற்குச் செல்லும் மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. நகரைவிட ஏற்காடு ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. பேருந்து இருக்கும்போது இவ்வுயரத்தை மிதிவண்டியில் ஏறுவானேன் என்று வினவுவோர் உண்டு. வினா நியாயமானதே, விடை ஏறிப் பார்த்தவருக்கே விளங்கும்.

ஓட்டுபவரும் வண்டியும் சேர்ந்து 70 கிலோ எடை என்க. 1,200 மீட்டர் உயர்வதற்கு மட்டும் செய்ய வேண்டிய வேலை ஏறத்தாழ 8.2 இலட்சம் ஜூல். கியர் இவ்வேலையைக் குறைப்பதில்லை. ஒவ்வொரு மிதிக்கும் வேண்டிய விசையைக் குறைத்து, மிதிக்கும் எண்ணிக்கையைக் கூட்டுகிறது. உங்களுக்கு அரசு வழங்கும் விலையில்லா மிதிவண்டியில் கியர் இல்லை. அது பள்ளிக்குச் செல்லும் சமதளச் சாலைக்குரியது, மலையேற்றத்திற்கு ஏற்றதன்று.

இவ்வறிவோடு தொழில்முறைப் பந்தயத்தைக் கண்டால் சுவை கூடும். 1903ஆம் ஆண்டு தொடங்கிய 'டூர் டி பிரான்ஸ்' இன்று மூன்று வாரங்கள் நடைபெறுகிறது. சாலையோரம் நின்று காண நுழைவுச்சீட்டு வேண்டியதில்லை. சமவெளியில் வீரனுக்குப் பெரும்பகை காற்றே. முன்செல்பவரின் பின்னே ஒட்டிச் செல்பவருக்கு உழைப்பு வெகுவாகக் குறைகிறது. ஆகவே எண்மர் கொண்ட அணியில் எழுவர் காற்றைத் தாங்கியும் தண்ணீர்க் குப்பிகளைச் சுமந்தும் தலைவன் ஒருவனைக் காக்கின்றனர். அவர்கள் பெயர் செய்தித்தாளில் வருவது அரிது. தேர்ந்த இரசிகர் முதலில் தேடுவது அவர்களைத்தான்.

மலையில் நிலைமை மாறுகிறது. வேகம் குறைவதால் காற்றின் தடையும் குறைகிறது; ஒளிந்துகொள்ள முதுகு கிடைப்பதில்லை. உடல் எடைக்கேற்ற ஆற்றலே வெற்றியைத் தீர்மானிக்கிறது. பிரான்சின் ஆல்ப் துயேஸ் ஏற்றம் 13.8 கி.மீ. நீளமுடையது. அதன் வளைவுகள் இருபத்தொன்று. ஏற்காட்டைவிட ஒன்றே கூடுதல்! 1952இல் அங்கு முதன்முதலாகப் பந்தயம் ஏறியபோது இத்தாலியின் ஃபாஸ்டோ கோப்பி வென்றார். நம் மாநிலத்திலும் 2008 முதல் 'டூர் ஆஃப் நீலகிரிஸ்' என்னும் மிதிவண்டிப் பயணம் நடைபெற்று வருகிறது.

ஏற்றத்தைவிட இறக்கமே அச்சந்தருவது. ஏறும்போது சேர்ந்த ஆற்றலின் பெரும்பகுதியைப் பிரேக்குகள் வெப்பமாக்கிக் கழிக்க வேண்டும். 1992 ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ஃபாபியோ காசார்டெல்லி, 1995 டூரில் பிரனீசு மலை இறக்கமொன்றில் விழுந்து தலையில் அடிபட்டு உயிரிழந்தார். அவர் தலைக்கவசம் அணிந்திருக்கவில்லை. மற்றொரு வீரரின் மரணத்திற்குப் பின், 2003இல்தான் தலைக்கவசம் கட்டாயமாயிற்று. அத்தனை ஆண்டுத் தாமதம் வருந்தத்தக்கது.

இறங்கும்போது பிரேக்கை இடைவிடாது அழுத்தலாகாது. விட்டுவிட்டு அழுத்த வேண்டும். வளைவுக்குள் நுழையுமுன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். எதிரே ஏறிவரும் பேருந்து, திரும்புவதற்கு வளைவின் முழு அகலத்தையும் எடுத்துக்கொள்ளும்.